இறால் செடியின் தாய்வீடு

வெராக்ரூஸ் துறைமுகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இறாலிடமிருந்து தப்ப முடியாது. சோறு, மீன், நண்டு, இறால் எல்லாம் ஒரே சட்டியில் குழம்போடு தளும்ப வரும் ‘அர்ரோஸ் ஆ லா தும்பாதா’தான் அந்தக் கரையின் பெருமை. 1519-ல் எர்னான் கோர்த்தேஸ் வந்திறங்கிய கரை அது. மெக்சிக்கோவின் வெள்ளி கப்பலேறியதும் ஐரோப்பாவின் சரக்கு வந்து இறங்கியதும் பல நூற்றாண்டுகளாக இந்த வாசல் வழியாகத்தான். ஆனால் இந்தப் பயணம் தேடிப் போகிற இறால் கடலில் கிடைக்காது. அதைப் பார்க்கக் கடலுக்கு முதுகு காட்டி மலை ஏற வேண்டும்.

சென்னையிலோ கோவையிலோ நர்சரிகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இறால் செடி புதிதல்ல. செங்கல் நிறச் செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நுனி வளைந்து தொங்கும். பார்த்தால் வேகவைத்த இறாலேதான். ஆசையாக வாங்கி வந்து மொட்டைமாடியில் வைத்தால் முதல் மாதம் கண் நிறையும். பிறகு நிறம் வெளுக்கும், தண்டு ஒல்லியாக நீளும், அடி இலைகள் மஞ்சளாகி உதிரும். கத்திரி வெயில் முடிவதற்குள் பல வீடுகளில் தொட்டி காலியாகிவிடும். விசாரித்தால் ஒருவர் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்பார், இன்னொருவர் உரம் போதவில்லை என்பார். அந்தச் செடிக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை அது பிறந்த மலைச்சரிவில் போய்ப் பார்ப்பதுதான் நேர்வழி. கிழக்கு மெக்சிக்கோவில் சியரா மாட்ரே ஓரியென்டல் மலைத்தொடர் வளைகுடாவை நோக்கி இறங்கும் பக்கம்தான் அதன் சொந்த ஊர். வெராக்ரூஸ், ஹிடால்கோ, சான் லூயிஸ் பொடோசி என்று பல மாநிலங்களில் அந்தச் சரிவு நீண்டு கிடக்கிறது.

துறைமுகத்திலிருந்து சாலபா நகருக்குப் பேருந்தில் சுமார் இரண்டு மணி நேரம். கடல் மட்டத்தில் புறப்பட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இறங்கலாம். கிட்டத்தட்ட நம் ஏற்காட்டின் உயரம். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளும் வயிற்றைப் புரட்டும் திருப்பங்களும் இல்லாத பெரிய சாலை. ஏறுகிறோம் என்பதைச் செடிகொடிகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் தென்னையும் மாமரமும் கரும்பும். கார்தெல் ஊரைத் தாண்டும்போது, இலையுதிர்காலமாக இருந்தால், வானத்தையும் பார்க்க வேண்டும்: வட அமெரிக்காவிலிருந்து தெற்கே வலசை போகும் பருந்துகளும் வல்லூறுகளும் ஒரே பருவத்தில் லட்சக்கணக்கில் இந்தக் குறுகிய கரையோரப் பட்டையின் மேலேதான் கடந்து போகின்றன. பிறகு முள்ளும் புதருமான வறண்ட காடு. அதன்பின் காற்றில் ஈரம் ஏறுகிறது, சாலையோரத்தில் காப்பித் தோட்டங்கள் தொடங்குகின்றன, கண்ணாடியில் பூந்தூறல் படிகிறது. அந்தத் தூறலுக்கு உள்ளூரில் ‘சிப்பி-சிப்பி’ என்று பெயர். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று வளைகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையில் மோத, நாள் கணக்கில் இப்படி நசநசவென்று நீடிக்கும்.

இந்த மூட்டமும் தூறலும்தான் விஷயத்தின் மையம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை, அதிகக் குளிருமில்லாத அதிக வெப்பமுமில்லாத சராசரி, எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான பொலபொலப்பான மண். மழை எவ்வளவு கொட்டினாலும் வேரடியில் தண்ணீர் தேங்காத சரிவு. மெக்சிக்கோவின் நிலப்பரப்பில் இப்படி மூட்டம் சூழ வளரும் முகில்காடு 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் நாட்டின் தாவர வகைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று அந்தச் சிறு பரப்புக்குள் இருக்கிறது.

சாலபாவிலிருந்து கோத்தேபெக்குக்குப் போகும் பழைய சாலையில், நகரம் முடிகிற இடத்தில் பிரான்சிஸ்கோ ஹாவியர் கிளாவிஹேரோ தாவரவியல் தோட்டம் இருக்கிறது. 1977-ல் தொடங்கப்பட்ட இந்தத் தோட்டத்தை இனெகோல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சூழலியல் ஆய்வு நிறுவனம் நடத்துகிறது. கிளாவிஹேரோ 1731-ல் வெராக்ரூஸில் பிறந்த இயேசு சபைத் துறவி, மெக்சிக்கோவின் தொல்வரலாற்றை எழுதியவர். உள்ளே போனதும் கண்ணுக்கு முதலில் தெரிவது பூ அல்ல, உயரம். கருவாலியும் லிக்விடம்பர் மரங்களும் தலைக்கு மேலே கூரை போடுகின்றன. கிளைகளில் புரோமீலியாக்களும் ஆர்க்கிடுகளும் பாசியும் குடியிருக்கின்றன. ஆளுயரத்தை மிஞ்சிய மரப்பெரணிகள் இடையிடையே குடை விரிக்கின்றன. இவ்வளவுக்கும் கீழே, சல்லடையில் சலித்த மாதிரி வெளிச்சம் விழும் தரையில்தான் புதர்கள் வாழ்கின்றன. இறால் செடியும் அதன் சொந்தக்காரர்களும் இந்தக் கீழ்த்தட்டு வாசிகள். மேலே மரம், பக்கத்தில் ஓடை, அடியில் இலைமக்கு. பகலில் சில மணி நேரம் மட்டும் சாய்வாக நுழையும் வெயில். மொட்டைமாடித் தொட்டியில் இதில் எது இருக்கிறது என்று யோசித்தாலே செடி ஏன் வாடுகிறது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கோத்தேபெக் சாலையோர வீடுகளின் வேலிகளில் இந்தச் செடி இடுப்பளவுக்கு மண்டிக் கிடக்கிறது. அங்கே ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பொறுமையாகப் பார்க்கலாம். சிவப்பாகத் தெரிவது பூவே அல்ல. அவை பூவுக்குக் காவலாக இருக்கும் செதில் இலைகள். பட்டுப்போல மெல்லிய ரோமம் படர்ந்து, எதிரெதிர் ஜோடிகளாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். மேல்செதில் வெயில் பட்டுச் செங்கல் நிறமாக இருக்க, உள்ளே மறைந்த பகுதி இளம் பச்சையாக இருக்கும். இரண்டு செதில்களுக்கு நடுவிலிருந்து வெள்ளை நிறத்தில் ஒல்லியான குழல் ஒன்று நாக்கை நீட்டுவதுபோல வெளியே வருகிறது. அதுதான் பூ. மேலுதடு, கீழுதடு என இரண்டாகப் பிரிந்து, கீழுதட்டில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் வரிசை கட்டியிருக்கும். மகரந்தத் தாள்கள் இரண்டே இரண்டு. பூ ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். செதில்கள் வாரக்கணக்கில் நிறம் மாறாமல் இருக்கும். புதுச்செதில் நுனியில் முளைத்துக்கொண்டே போவதால் கொத்து நீண்டு, தன் கனம் தாங்காமல் வளைகிறது. தண்டைத் தடவினால் ஒவ்வொரு கணுவும் வீங்கியிருப்பது விரலுக்குத் தெரியும். காய்ந்த இலையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் சின்னச் சின்னக் கோடுகளாகச் சுண்ணாம்புத் துகள்கள் தென்படும்.

வீங்கிய கணு, இரண்டு உதட்டுப் பூ, செதில் காவல்: இதெல்லாம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பத்தின் முகச்சாயல். அகாந்தேசியே என்பது அந்தக் குடும்பம். உலகெங்கும் 4,000-க்கும் மேற்பட்ட வகைகள். தலையில் சூடும் கனகாம்பரம், மார்கழி வாசலில் பூக்கும் டிசம்பர் பூ, காய்ச்சல் காலத்தில் கசாயமாகும் நிலவேம்பு, வயல் வரப்பின் நீர்முள்ளி, 12 ஆண்டுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் நீலக்குறிஞ்சி எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். 2018-ல் பூத்த குறிஞ்சி மறுபடி 2030-ல் பூக்க வேண்டும். இந்த வரிசையில் இறால் செடிக்கு மிக நெருங்கிய உறவு ஆடாதோடைதான். இரண்டும் ஜஸ்டிசியா என்ற ஒரே பேரினம். ஒன்று கிராமத்து வேலியில் இருமல் மருந்தாக நிற்கிறது, இன்னொன்று நகரத்து வரவேற்பறையில் அலங்காரமாக நிற்கிறது. ஆடாதோடையின் பூவை ஒருமுறை உற்றுப் பார்த்தவர்கள் இறால் செடியின் வெள்ளைப் பூவைப் பார்த்ததுமே உறவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே குழல், அதே இரண்டு உதடு, கீழுதட்டில் அதே கருஞ்சிவப்புக் குறி.

பள்ளிப் பிள்ளைகள் எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்து வெடிக்கவைக்கும் பட்டாசுக்காயும் இதே குடும்பம். அது நம் ஊர்க் களை என்று நினைத்திருக்கிறோம். உண்மையில் மெக்சிக்கோ உள்ளிட்ட வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம் புறம்போக்குகளில் குடியேறியது அது. ஈரம் பட்டதும் காய் இரண்டாகப் பிளந்து, உள்ளே கொக்கி போன்ற காம்புகள் விதைகளை உண்டிவில்லாகத் தூக்கி எறிகின்றன. நகரச் சாலைகளின் நடுத்திட்டில் நீலமாகப் பூக்கும் ஒல்லி இலைச் செடியும் அதன் அக்காள் தங்கைதான். இந்த வெடிக்கும் திறமையால்தான் அது அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அடங்காத களையாகப் பரவிவிட்டது. இறால் செடி அந்த அளவுக்குத் தொல்லை கொடுப்பதில்லை, ஆனாலும் ஃபுளோரிடாவில் அதுவும் தோட்டத்தைத் தாண்டிப் போய்த் தானாக வளர்கிறது.

சாலபாவின் சந்தைக்குள் போனால் இந்தக் குடும்பத்தின் இன்னொரு முகம். மூலிகைக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பச்சைத் தழைக்கு ‘முயிக்ளே’ என்று பெயர். ஜஸ்டிசியா ஸ்பிசிஜெரா, ஆரஞ்சு நிறக் குழல் பூக்கள் பூக்கும் புதர். தழையைக் கொதிநீரில் போட்டால் சில நிமிடங்களில் தண்ணீர் ஊதா கலந்த சிவப்பாக மாறிவிடுகிறது. அந்த நிறத்தைப் பார்த்தே ரத்தசோகைக்கு நல்லது என்று வீடுகளில் குடிக்கிறார்கள். பிரசவித்த பெண்களுக்கும் கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் வெள்ளைத் துணி துவைத்த பிறகு இந்தத் தழைச் சாற்றில் அலசி நீலம் ஏற்றுவது வழக்கமாக இருந்தது. நம் வீடுகளில் சொட்டுநீலம் செய்த வேலை. மருத்துவப் பலனைப் பற்றி ஆய்வுக்கூடங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன, ஆனால் சாயம் மட்டும் சந்தேகமில்லாமல் கண்முன்னே நடக்கிற வேதியியல்.

ஆடாதோடையின் கதை இதைவிட உறுதியானது. அதன் இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி மருந்து உருவானது. அதிலிருந்து ஆம்ப்ராக்சால். இன்று மருந்துக்கடையில் வாங்கும் பல இருமல் சிரப்புகளின் பின்னால் வேலியோரத்து ஆடாதோடை நிற்கிறது. ஒரே பேரினத்தின் இரண்டு செடிகளை, கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு சமூகமும் அந்தப் பக்கம் ஒரு சமூகமும், ஒன்றையொன்று அறியாமலே வீட்டு வைத்தியத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கின்றன என்பது எத்தனை முறை யோசித்தாலும் வியப்பு குறையாத விஷயம்.

சாலபா சந்தையிலிருந்து கோத்தேபெக் பக்கத்தில்தான். காப்பி மணக்கும் சின்ன ஊர். இங்கே காப்பி நிழலில் வளர்கிறது. மேலே இங்கா மரங்கள், நடுவில் வாழை, கீழே காப்பி, வரப்போரங்களில் பூப்புதர்கள். முகில்காடு வெட்டப்பட்ட இடங்களில்கூடக் காட்டின் கீழ்த்தட்டுச் செடிகளுக்கு ஓரளவு அடைக்கலம் கொடுத்தது இந்த நிழல் காப்பிதான். அதற்கும் சோதனை வந்தது. 2012-ஐ ஒட்டிப் பரவிய இலைத்துரு நோய் மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கத் தோட்டங்களை நொறுக்கியது. இலங்கையில் 1869-ல் தலைகாட்டி, அந்த நாட்டின் காப்பியையே அழித்துத் தேயிலைக்கு வழிவிட்ட அதே பூஞ்சை. இலங்கை மலையகத்தில் காப்பிக்காகக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் வாழ்க்கை அதோடு தேயிலைக்கு மாறியது. கோத்தேபெக் சுற்றுவட்டாரத்தில் காப்பி போன நிலங்கள் சில கரும்புக்கும் சில வீட்டுமனைக்கும் போகின்றன. கரும்பு வயலில் நிழல் இல்லை. நிழல் இல்லாத இடத்தில் இந்தப் புதர்கள் தாமாக நிற்காது. ஒரு செடியின் தாய்வீடு இப்படித்தான் ஓசையில்லாமல் சுருங்குகிறது, அது உலகெங்கும் தொட்டிகளில் பூத்துக்கொண்டிருக்கும்போதே.

ஊரைச் சுற்றி நர்சரிகள் ஏராளம். ‘விவேரோ’ என்று பலகை மாட்டிய எந்த வாசலில் நுழைந்தாலும் இந்தக் குடும்பத்துக்கு ஒரு மூலை இருக்கும். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து மஞ்சள் தீப்பந்தமாகப் பூக்கும் ஜஸ்டிசியா ஆரியா. சிவப்புக் குழல்களை வரிசையாக ஏந்தும் ஓடொன்டோநீமா. இரண்டும் இந்த மண்ணின் செடிகள். பக்கத்திலேயே வெளியூர் விருந்தாளிகள்: பெரு நாட்டிலிருந்து வந்த மஞ்சள் இறால் செடி, பிரேசிலின் இளஞ்சிவப்பு ஜஸ்டிசியா கார்னியா, வெள்ளை வரி ஓடிய இலைகளோடு வரிக்குதிரைச் செடி, வெனிசுவேலாப் பக்கத்து மெகாஸ்கெபாஸ்மா. நம் ஊரில் லாலிபாப் செடி என்று விற்கிறார்களே, அந்த மஞ்சள் இறால் செடிக்கும் செங்கல் நிற இறால் செடிக்கும் பேரினம் வேறு. மஞ்சளின் கொத்து விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். சென்னை வெக்கையையும் புழுக்கத்தையும் அது கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும். எந்தச் செடியை முதலில் வளர்ப்பது என்று கடலோரத்தில் இருப்பவர் கேட்டால் மஞ்சளில் தொடங்குவதே நல்லது. ஏற்காடு, கொடைக்கானல் அடிவாரம், குற்றாலம், ஏலகிரி பக்கம் இருப்பவர்கள் தயங்காமல் செங்கல் நிறத்தையே வைக்கலாம்.

நர்சரியில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர் தாய்ச்செடியிலிருந்து குச்சி எடுப்பதைப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். பூ இல்லாத கிளையாகத் தேர்ந்தெடுக்கிறார். நுனியிலிருந்து விரல் நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே ஒரே வெட்டு. அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மேலே இரண்டு ஜோடியை மட்டும் வைக்கிறார். அவற்றிலும் பெரிய இலையாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடுகிறார், நீராவியாகி ஈரம் போகாமல் இருக்க. ஊன்றுவது மண்ணில் இல்லை, துளைத்துளையாக இருக்கும் எரிமலைக் கல் பொடியில். தண்ணீர் ஊற்றியதும் வழிந்து ஓடிவிடும், ஆனால் கல்லின் துளைகளில் ஈரம் தங்கும். நிழலில் வைத்தால் மூன்று வாரத்துக்குள் வீங்கிய கணுவிலிருந்து வேர் புறப்பட்டுவிடும். ஸ்பானிய மொழி தெரியாதவர் பக்கத்தில் நின்று கேட்டாலும், அவர் விரலால் கணுவைத் தட்டிக் காட்டுவதிலேயே விஷயம் புரிந்துவிடுகிறது: உயிர் கணுவில் இருக்கிறது.

நம் ஊரில் எரிமலைக் கல் கிடைக்காது. ஆற்றுமணலும் தென்னை நார்க்கழிவும் சரிபாதி கலந்தால் அந்த வேலையைச் செய்யும். டெல்லி கனகாம்பரம் போடுகிற நிலக்கோட்டைப் பக்கத்து விவசாயிகளுக்கு இந்த வித்தையை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. விதை பிடிக்காத அந்த ரகத்தை அவர்கள் குச்சியில்தான் பெருக்குகிறார்கள். கனகாம்பரத்துக்கு வரும் வேர் நூற்புழுவும் வாடல் நோயும் என்ன பாடு படுத்தும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். குளம் கட்டி நிற்கும் தண்ணீர் இந்தக் குடும்பத்துக்கே ஆகாது. தொட்டிக்குச் செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம பங்கு போதும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

வெயில்தான் பலரும் தடுமாறுகிற இடம். நிழல் செடி என்று கேள்விப்பட்டு வீட்டுக்குள் இருட்டு மூலையில் வைத்தால் இலை செழிக்கும், செதில் வராது. பூச்செடி என்று நினைத்து மேற்கு வெயிலில் நிறுத்தினால் செதில் வெளுத்துச் சாயம் போன துணியாகிவிடும். காலை வெயில் பத்து மணிவரை, அதன்பின் சலித்த நிழல் என்பதே அதற்குத் தோதான கணக்கு. முருங்கை, வேம்பு மாதிரி சிறு இலை மரங்களின் கீழே கிழக்குப் பார்த்த இடம் இதற்குப் பொருத்தம். தண்டு நீண்டு சாய்வதற்கு மருந்து கத்தரிக்கோல்தான். இளஞ்செடியில் நுனியைக் கிள்ளக் கிள்ளக் கிளை பிரியும். பூத்து ஓய்ந்த கொத்துகள் நுனியில் கருக்கத் தொடங்கியதும் அவற்றை வெட்டிவிட்டு, ஆடி மழை தொடங்கியதும் செடியைப் பாதி உயரத்துக்குக் கவாத்து செய்தால் கார்த்திகைக்குள் புதுக் கொத்துகளோடு எழுந்துவிடும். சித்திரையில் மட்டும் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது. மாவுப்பூச்சி எட்டிப் பார்த்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். மஞ்சள் பச்சைச் செதிலுள்ள ‘யெல்லோ குவீன்’ ரகம் கிடைத்தால் அதற்கு இன்னும் சற்றுக் கூடுதல் நிழல்.

கோத்தேபெக்குக்குத் தெற்கே, மலைச்சரிவில் இறங்கி ஏறும் பாதையில் சாகுவாபன் என்ற ஊரும் எல் மிராதோர் என்ற பண்ணையும் வருகின்றன. கார்ல் சார்ட்டோரியஸ் என்ற ஜெர்மானியர் 1830-களை ஒட்டி நிறுவிய தோட்டம் அது. தாவரங்களைத் தேடி வந்த எத்தனையோ ஐரோப்பியர்களுக்கு அது இடைத்தங்கல். அதற்குச் சற்று முன்பே, 1828-ல் வந்த ஷீடே, டெப்பே என்ற இரண்டு ஜெர்மானியர்கள் சாலபாவில் தங்கிச் செடிகளைத் திரட்டி பெர்லினுக்கு அனுப்பினார்கள். சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடந்த முயிக்ளேவுக்கு ஷ்லெக்டெண்டால் என்ற தாவரவியலாளர் 1832-ல் அறிவியல் பெயர் கொடுத்தார். அடுத்த நூற்றாண்டில் கார்ல் பர்பஸ் என்பவர் எல் மிராதோரில் வந்து தங்கினார். 1941-ல் இறக்கும்வரை அந்தப் பகுதியை விட்டு நிரந்தரமாகப் போகவில்லை. மெக்சிக்கோவின் மலைகளில் அலைந்து அவர் சேகரித்த செடிகள் கலிஃபோர்னியாவில் டவுன்ஷெண்ட் பிராண்டஜி என்ற தாவரவியலாளரின் மேசைக்குப் போயின. பிராண்டஜி அவற்றைத் தொடர்ச்சியாக வெளியிட்டு வந்தார்.

பிராண்டஜி தம்பதி பற்றித் தனியே ஒரு புத்தகம் எழுதலாம். அவர் கட்டுமானப் பொறியாளராக இருந்து தாவரவியலுக்கு வந்தவர். மனைவி கேத்தரின் மருத்துவம் படித்துத் தாவரவியலாளர் ஆனவர். 1889-ல் சான் டியாகோவில் திருமணம் செய்துகொண்டதும் இருவரும் தேன்நிலவாக சான் பிரான்சிஸ்கோ வரை செடிகளைச் சேகரித்துக்கொண்டே நடந்தார்கள். 1912-ல் பிராண்டஜி இறால் செடிக்குப் பெலொபெரோனே குட்டாட்டா என்று பெயர் வைத்தார். பிற்பாடு அந்தப் பேரினம் ஜஸ்டிசியாவோடு சேர்க்கப்பட்டபோது அதே பெயர் வேறொரு செடிக்கு ஏற்கெனவே இருந்ததால், வாஸ்ஹவுசன், ஸ்மித் என்ற இருவர் 1969-ல் அவர் நினைவாகவே ஜஸ்டிசியா பிராண்டஜியானா என்று மாற்றினார்கள். மெக்சிக்கோச் செடிக்கு இந்தப் பெயர்மாற்றம் நடந்தது பிரேசிலின் சான்டா கத்தரினா மாநிலத் தாவரங்களைப் பற்றிய நூலில். அதற்குள் அது அவ்வளவு தூரம் பயணம் போய்த் தோட்டங்களில் குடியேறிவிட்டிருந்தது.

இறால் செடியின் இன்னொரு சொந்த மண்ணைத் தேடி வடக்கே போகிற பாதை நீளமானது. பபாந்த்லா வழியாகப் போனால் வெனிலாவின் தாயகத்தையும் எல் தஹீனின் பிரமிடையும் பார்த்துக்கொண்டு போகலாம். வெக்கையான கடலோரச் சமவெளியைத் தாண்டி மறுபடி மலை ஏறினால் சான் லூயிஸ் பொடோசி மாநிலத்தின் ஹுவாஸ்தேகா வட்டாரம். அங்கே சிலித்லா என்ற மலையூர். நஹுவா, தீனெக் மக்கள் வாழும் காப்பி நாடு. சுண்ணாம்புக்கல் மலை, அருவி, எப்போதும் ஈரமாக இருக்கும் காடு. இறால் செடிக்கு இதுவும் சொந்த மண்தான். படிக்கட்டு ஓரங்களிலும் பாறை இடுக்குகளிலும் அது தானாக நிற்கிறது. சுண்ணாம்புப் பாறையில் ஒரு கைப்பிடி இலைமக்கு சேர்ந்திருந்தால் போதும் அதற்கு.

இந்த ஊருக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது எட்வர்ட் ஜேம்ஸ் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர். டாலி, மாக்ரித் போன்ற ஓவியர்களின் புரவலர். 1940-களில் இங்கே காப்பித் தோட்டம் ஒன்றை வாங்கி, லாஸ் போசாஸ் என்ற அருவியோரத்தில் ஆயிரக்கணக்கான ஆர்க்கிடுகளை வளர்த்தார். 1962-ல் யாரும் எதிர்பாராமல் பனி விழுந்தது. ஆர்க்கிடுகள் அழிந்தன. அதன்பின் அவர் குளிரால் சாகாத தாவரங்களைச் சிமென்டில் கட்டத் தொடங்கினார். மொட்டவிழும் தூண்கள், எங்கும் போய்ச் சேராத படிக்கட்டுகள், ராட்சத இலைகள் எல்லாம் 1984-ல் அவர் இறக்கும்வரை காட்டுக்குள் எழுந்துகொண்டே இருந்தன. சிமென்டுப் பூக்களைப் பார்க்க வருகிறவர்கள் அவற்றின் காலடியில் நிற்கும் உயிருள்ள புதர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது வருத்தம். ஆர்க்கிடுகளைக் கொன்ற மாதிரியான குளிரில் இறால் செடியின் மேல்தண்டு கருகிப்போகும். ஆனால் வேர் உயிரோடிருந்தால் வெயில் வந்ததும் அடியிலிருந்து துளிர்க்கும். அமெரிக்காவின் டெக்சாஸ் தோட்டங்களில் குளிர்காலம்தோறும் அது அப்படித்தான் செத்துச் செத்துப் பிழைக்கிறது.

அருவியோரத்தில் காத்திருந்தால் இந்தப் பூ யாருக்காகப் பூக்கிறது என்பதும் தெரியும். ரீங்காரச்சிட்டு ஒன்று எங்கிருந்தோ வந்து, தொங்கும் கொத்தின் முன்னால் அந்தரத்தில் நின்று, ஒவ்வொரு வெள்ளைக் குழலிலும் அலகை விட்டு எடுக்கிறது. பறவைக்கு உட்கார இடமே தேவையில்லை. அதனால்தான் செடி உறுதியான காம்புக்குச் செலவழிக்காமல் கொத்தைக் காற்றில் தொங்கவிட்டிருக்கிறது. தலையில் மகரந்தம் அப்பிக்கொண்டு அடுத்த செடிக்குப் பறந்துவிடுகிறது. ரீங்காரச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இல்லை. நம் தோட்டத்தில் அந்த இடத்துக்கு வருவது தேன்சிட்டு. அதற்குப் பெரும்பாலும் உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். தொங்கும் கொத்தில் பிடி கிடைக்காமல் தடுமாறி, சில சமயம் குழலின் அடியில் துளை போட்டுத் தேனை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். தேன்சிட்டு வசதியாக உட்கார்ந்து குடிக்க வேண்டுமென்றால் இறால் செடிக்குப் பக்கத்தில் கெட்டியான கொம்புள்ள செம்பருத்தியோ இட்லிப்பூவோ வைத்துவிடலாம். நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் இறாலும் உதவும்.

சிலித்லாவிலிருந்து சியுதாத் வாயெஸ் நகரை நோக்கி இறங்கும்போது ஓர் இயற்கைச் சோதனையே நடந்திருக்கிறது. மேலே மூட்டத்தில் செங்கல் சிவப்பாக இருந்த அதே செடி, கீழே இறங்க இறங்க, கரும்பும் வெக்கையும் தொடங்கும் ஊர்களில், திறந்த வாசல்களில் வெளிறிய காவியாகத் தெரிகிறது. வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டி, மாமர நிழல் பாதி விழும் இடத்தில் பழைய தகர டின்களில் வைத்திருப்பவர்களின் செடி மட்டும் மலைச்செடிக்கு ஈடாக நிறம் காட்டுகிறது. பயணி ஆசைப்பட்டு அங்கே ஒரு குச்சி ஒடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளக் கூடாது. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் உயிருள்ள செடியை இந்தியாவுக்குள் கொண்டுவருவதை 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை தடுக்கிறது. இலைத்துருவின் கதை தெரிந்த யாருக்கும் அந்தக் கட்டுப்பாடு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. செடி நம் ஊர் நர்சரியிலேயே கிடைக்கிறது. வாங்கும்போது கொத்து எத்தனை என்று எண்ணாமல், அடித்தண்டில் கணுக்கள் நெருக்கமாக இருக்கின்றனவா, அடியிலிருந்து நாலைந்து கிளை பிரிந்திருக்கிறதா என்று பார்த்து எடுத்தால், அடுத்த ஆடியில் அதிலிருந்தே பத்துக் குச்சி வெட்டி அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம்.